ஒரே அளவுகோலும் தனித்தளமும்: எலிசா ஸ்டீமரின் சறுக்குப்பலகை வாழ்வு பற்றிய ஒரு நோக்கு

ஓர் ஆட்டக்காரரின் வாழ்வை மதிப்பிட வெற்றி தோல்விப் பட்டியல் ஒன்றே போதும் என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஓட்டவீரருக்கு நேரக் கணக்கும், துடுப்பாட்டக்காரருக்கு ஓட்ட எண்ணிக்கையும் சான்றாகி விடுகின்றன. சறுக்குப்பலகை ஆட்டத்தைப் பொறுத்தவரை இம்முறை அதிகம் உதவுவதில்லை. நான்கு சில்லுகள் பூட்டிய ஒரு பலகையின் மீது நின்று நகரத்தின் படிக்கட்டுகளையும் மதில் விளிம்புகளையும் கைபிடிக் கம்பிகளையும் கடந்து செல்லும் இவ்வாட்டத்தில், போட்டிகளில் முதலிடம் பெறாத பலர் பெரும் ஆட்டக்காரராக மதிக்கப்படுகின்றனர். பதக்கங்கள் பெற்ற சிலர் ஆட்டக்காரர் மத்தியிற் பொருட்படுத்தப்படாமலும் போகின்றனர். இங்கு ஒருவரின் ஆக்கமாகக் கருதப்படுவது வேறொன்று. ஒளிநாடாவொன்றில் அவருக்கென ஒதுக்கப்பட்ட சில நிமிடப் பகுதியே அது. ஆதலின் சறுக்குப்பலகையாளர் ஒருவரின் தொழில்வாழ்வை ஆராய்வது விளையாட்டுச் செய்தியாளரின் வேலையாக மாத்திரமன்றித் திறனாய்வாளரின் வேலையாகவும் அமைந்து விடுகிறது.

1975 இல் பிறந்து, அமெரிக்காவின் புளொரிடா மாநிலத்துப் போர்ட் மயர்ஸ் நகரிலிருந்து வந்த எலிசா ஸ்டீமரின் வாழ்வு இத்தகைய ஆய்வை வேண்டி நிற்பது. 'தொழில்முறையிற் சறுக்குப்பலகையாடிய முதற் பெண்' என்ற அடைமொழியோடு அவரைப் பற்றிய பேச்சுப் பெரும்பாலும் முடிந்து விடுகிறது. அவ்வடைமொழி சரிதானா, சரியாயின் அது எதனை விளக்குகிறது, எதனை மறைக்கிறது என்ற வினாக்கள் அரிதாகவே எழுப்பப்படுகின்றன.

வரலாற்று நோக்கில் அவ்வடைமொழி பிழையானது. 1964 இல் அமெரிக்கத் தேசியப் பெண்கள் போட்டியில் முதலிடம் பெற்ற பற்றி மக்கீ, ஹோபி என்ற பலகைக் கம்பனியின் ஊதியம் பெற்று நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்று ஆட்டத்தைச் செய்து காட்டியவர். 1965 மே 14 ஆந் திகதிய 'லைஃப்' சஞ்சிகையின் அட்டையில், ஓடும் பலகையின் மீது தலைகீழாகக் கையூன்றி நிற்கும் கோலத்தில் அவர் தோன்றினார். 1970களின் நடுப்பகுதியில் கலிபோர்னியாவின் செஃபிர் குழுவில் ஒரேயொரு பெண்ணாகப் பெகி ஓகி ஆடினார். லோரா தோர்ன்ஹில் என்பவரின் பெயர் பொறித்த பலகையும் அத்தசாப்தத்தில் விற்பனைக்கு வந்தது. அவ்வாறாயின் முப்பதாண்டுகள் கழித்து வந்த ஒருவர் 'முதல்வர்' ஆனது எங்ஙனம்? இவ்வாட்டத்தின் பெண்கள் வரலாறு ஒவ்வொரு தலைமுறையிலும் அறுபட்டு மறுபடி தொடக்கத்திலிருந்து எழுதப்பட்டு வந்துள்ளது என்பதே விடை. 'முதற் பெண்' என்ற புகழுரைக்குள் முந்தியோரை மறந்த ஒரு மறதி பொதிந்திருப்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் அம்மறதிக்கு ஆட்டத்தின் வடிவ மாற்றமும் ஒரு காரணம். மக்கீயின் ஆட்டம் சமதரையில் நிகழ்ந்தது; உடலின் சமநிலையையும் வளைவையும் அழகுறக் காட்டுவது அதன் நோக்கம். 1970களின் இறுதியில் புளொரிடாவைச் சேர்ந்த அலன் கெல்ஃபன்ட் கைகளாற் பலகையைப் பற்றாது அதனோடு காற்றில் எழும் உத்தியைக் கண்டார். அதே மாநிலத்தவரான றொட்னி மலன் 1980களின் தொடக்கத்தில் அதனைச் சமதரைக்குரியதாக மாற்றினார். பின்காலாற் பலகையின் வாலை அடித்து, முன்காலால் அதனை மேலிழுத்து எழும் இந்த 'ஒல்லி' உத்தி வழக்கத்துக்கு வந்ததும் ஆட்டத்தின் களமே மாறிற்று. மைதானமோ நீச்சற்குளமோ தேவையற்றதாயின. அலுவலக வாயிற்படியும், பாடசாலை முற்றத்து மேசையும், வங்கி முன்றிலின் கற்கட்டும் ஆட்டத்துக்குரிய பொருள்களாயின. தெருவாட்டம் என வழங்கும் இப்புதிய வடிவத்தில் தொழில்முறைத் தகுதி பெற்ற முதற் பெண் ஸ்டீமர் என்று கூறுவதே பொருந்தும்.

தெருவாட்டத்தோடு ஒளிநாடாவும் வளர்ந்தது. 1984 இல் பவல் பெரால்டா கம்பனி வெளியிட்ட 'போன்ஸ் பிரிகேட் வீடியோ ஷோ' முதலாக, 1991 இல் ஸ்பைக் ஜோன்ஸ் உருவாக்கிய 'வீடியோ டேஸ்' ஊடாக, அது தனக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்திக் கொண்டது. ஒரு கம்பனியின் ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. ஒவ்வொரு பகுதிக்கும் பெரும்பாலும் ஒரு பாடல். இறுதிப் பகுதி குழுவின் முதன்மையான ஆட்டக்காரருக்கு. மாதக்கணக்காகத் தெருக்களில் அலைந்து, காவலாளிகள் வந்து துரத்துமுன் எடுத்த காட்சிகளிற் பெரும்பாலானவை கழிக்கப்பட்டுச் சில நிமிடங்களே எஞ்சும். கமராவைப் பிடிப்பவரும் அநேகமாக இன்னோர் ஆட்டக்காரரே. உருவத்தால் இது வர்த்தக விளம்பரம். பலகை விற்பதற்காகவே எடுக்கப்படுவது. ஆயினும் பார்ப்போர் இதனை விளம்பரமாகப் பார்ப்பதில்லை. ஒரு பகுதியைப் பல நூறு முறை பார்த்து, எந்த இடத்தில் எந்தக் கால் எவ்வாறு ஊன்றப்பட்டது என்று விவாதிப்பர். ஒரு செய்யுளின் சீரையும் தளையையும் பிரித்துப் பார்க்கும் புலமை மரபுக்கு இது தூரத்து உறவு எனலாம்.

இவ்வடிவத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. அதில் ஆண் பிரிவு, பெண் பிரிவு என்ற வகுப்புக் கிடையாது. போட்டிகளில் மக்கீ காலந்தொட்டே பெண்களுக்கெனத் தனிப் பிரிவு இருந்தது. சிலகாலம் அதுவும் இல்லாதொழிந்தது. ஒளிநாடாவிலோ பகுதி உண்டு, அல்லது இல்லை. பெண்ணுக்குப் பகுதி கிடைப்பின், அது ஆண்களின் பகுதிகளுக்கிடையே அவற்றின் அளவுகோலாலேயே அளக்கப்படும்.

1996 இல் டோய் மெஷின் கம்பனி வெளியிட்ட 'வெல்கம் டு ஹெல்' என்னும் ஒளிநாடாவில் ஸ்டீமருக்கு அத்தகைய பகுதி கிடைத்தது. கம்பனியின் நிறுவனர் எட் டெம்பிள்டன்; ஒளிநாடாவை உருவாக்கியவர் ஜேமி தோமஸ். மைக் மல்டொனாடோ, பிரயன் அண்டர்சன், டொனி பார்லி, சத்வா லியுங் ஆகியோர் உடன் ஆடியோர். தலைப்பு 'நரகத்துக்கு நல்வரவு' எனப் பொருள்படுவது. அதற்கேற்ப, உயரமான கைபிடிக் கம்பிகளையும் நீண்ட படிக்கட்டுகளையும் நாடிச் செல்லும் ஆபத்தான ஆட்டமும், விழுந்து அடிபடும் காட்சிகளை மறைக்காது தொகுத்துக் காட்டும் துணிவும் இதன் இயல்புகள். வெளிவந்த காலத்தில் இது தெருவாட்ட ஒளிநாடாக்களின் போக்கையே மாற்றியதாகப் பலரும் ஒப்புக்கொள்வர்.

ஸ்டீமரின் பகுதியைப் பார்ப்போர் முதலில் உணர்வது, அதில் 'பெண்' என்பதைச் சுட்டும் எந்த ஏற்பாடும் இல்லை என்பதாகும். தொளதொளத்த காற்சட்டையும் மேற்சட்டையும் அணிந்து அவர் ஆடுகின்றார். ஏனையோரின் உடையும் அத்தகையதே. கமரா அவரது உடலை நாடிச் செல்வதில்லை. மற்றவர்களுக்குப் போலவே பலகையையும் பாதங்களையும் தரையையும் நாடுகிறது. விளிம்புகளிற் பலகையை உராயவிட்டுச் செல்லும்போதும், படிக்கட்டுகளைத் தாண்டி இறங்கும்போதும் அவரது உடல் சற்றுத் தாழ்ந்து, அவசரமின்றி, வேலையில் ஊன்றிய ஒருவரின் உடலாகவே காணப்படுகிறது. மக்கீயின் அட்டைப்படத்தோடு இதனை ஒப்பிடின் வேறுபாடு விளங்கும். அந்தப் படத்தில் ஆட்டம் ஒரு பெண்ணைக் காட்டுவதற்கான வாய்ப்பாகியிருந்தது. இங்கு ஆட்டமே காட்சி.

இதனால் அப்பகுதி அவ்வொளிநாடாவில் தலைசிறந்தது என்று கொள்ளலாகாது. ஐயன் மெய்டன் குழுவின் நீண்ட பாடலோடு வரும் ஜேமி தோமஸின் இறுதிப் பகுதியின் வேகத்துக்கும் அபாயத்துக்கும் முன்னால் ஏனைய எல்லாப் பகுதிகளும் ஒளி குன்றவே செய்கின்றன. அண்டர்சனின் பகுதியில் உள்ள வலிமையும் ஸ்டீமரிடம் இல்லை. இவ்வாறு சொல்வது அவருக்கு இழுக்கன்று. பெண் என்பதற்காகச் சலுகை காட்டும் திறனாய்வு, பெண் என்பதற்காக ஒதுக்கும் திறனாய்வின் மறுபக்கமேயாகும். ஒளிநாடாவின் நடுவே வரும் ஒரு நல்ல பகுதி என்று அதனை மதிப்பிட முடிவதே ஸ்டீமர் பெற்ற பேறு. அவருக்கு முன் 1989 ஆகஸ்ட் 'திராஷர்' சஞ்சிகையின் அட்டையில் காரா-பெத் பேர்ன்சைட்டும், 1994 ஏப்ரல் இதழின் அட்டையில் ஜேமி ரேயஸும் தோன்றியிருந்தனர். ஆயின் அட்டைப்படம் ஒரு கணத்தின் பதிவு. பகுதியோ ஓர் ஆக்கம்.

இந்த இடத்தில் நின்றுவிடின் 'ஒரே அளவுகோல்' என்பதன் புகழ்பாடலாக ஆய்வு முடிந்து விடும். அளவுகோல் ஒன்றாக இருப்பது உண்மை. அதனை வார்த்தவர் யார் என்ற வினா எஞ்சி நிற்கிறது. தெருவும் இரவும் காவலாளிகளோடான மோதலும் அடிபட்டும் எழுந்து நிற்பதும் மதிப்புக்குரியனவாகக் கொள்ளப்பட்ட ஒரு குழுவின் உள்ளே நுழைபவர், அக்குழுவின் வழக்கத்தை அப்படியே ஏற்பதே நுழைவுக் கட்டணம். அதனைச் செலுத்தக்கூடிய பெண் ஒருவரே அகப்பட்டார் என்பதை, மற்றப் பெண்களின் திறமைக் குறைவுக்குச் சான்றாகக் காட்டுவது அக்காலத்தார்க்கு எளிதாயிற்று. விதிவிலக்கு விதியைத் தகர்ப்பதில்லை. பல வேளைகளில் அதற்குக் காவலாக நிற்கிறது.

இதற்கு அதே ஒளிநாடாவிலிருந்தே இன்னொரு சான்று உண்டு. பிரயன் அண்டர்சன் தாம் தற்பாலீர்ப்புடையவர் என்பதை வெளிப்படையாகக் கூறியது 2016 இலேயே. 'வெல்கம் டு ஹெல்' வெளிவந்து இருபதாண்டுகள் கழித்து. ஆடும் முறை ஒன்றே முக்கியம், ஆடுபவர் யாராயினும் ஆகுக என்று பெருமை பேசிய ஓர் உலகில், மிகச் சிறந்த ஆட்டக்காரருள் ஒருவரே இருபதாண்டு மௌனம் காக்க நேர்ந்தது. அளவுகோல் ஆட்டத்தை மட்டும் அளந்ததென்பது முழு உண்மையன்று என்பதற்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

1998 இல் டோய் மெஷின் ஸ்டீமரைத் தொழில்முறையாளராக உயர்த்திற்று. இத்தொழிலில் 'தொழில்முறை' என்பதன் பொருள் விசித்திரமானது. தேர்வோ தரவரிசையோ அதனைத் தருவதில்லை. கம்பனியொன்று ஒருவரின் பெயர் பொறித்த பலகையை விற்பனைக்கு விடுவதும், விற்கும் பலகைக்குத் தக ஒரு சிறு பங்கை அவருக்கு வழங்குவதுமே அது. எனவே பலகை வாங்குவோரின் விருப்பு, தொழிலுக்குள் யார் நுழையலாம் என்பதைப் பெருமளவு தீர்மானிக்கிறது. வாங்குவோரில் மிகப் பெரும்பாலோர் சிறுவர்களாயிருந்த காலத்தில் ஒரு பெண்ணின் பெயர் தாங்கிய பலகை கடைக்கு வந்ததென்பது, 1996 இன் பகுதி அச்சிறுவர்களிடையே பெற்ற மதிப்பைக் காட்டும். அடுத்த ஆண்டு வெளிவந்த 'டொனி ஹோக்ஸ் புரோ ஸ்கேட்டர்' என்ற கணினி விளையாட்டில், பெயர் பெற்ற பத்து ஆட்டக்காரருள் ஒரே பெண்ணாக அவர் இடம்பெற்றார். உலகெங்கும் பெருந்தொகையாக விற்பனையான அவ்விளையாட்டின் மூலம், சறுக்குப்பலகையைத் தொட்டே பார்த்திராத குழந்தைகளும் அவர் பெயரை அறிந்தனர். அங்கும் ஒன்பதின்மருக்கிடையே ஒருத்தி என்ற அமைப்பே மீண்டும் வந்தது.

அவரது வாழ்வின் மற்றைய பாதி போட்டிக்களத்துக்குரியது. எக்ஸ் கேம்ஸ் எனப்படும் தொலைக்காட்சிப் போட்டியிற் பெண்கள் தெருவாட்டப் பிரிவு 2003 இல் தொடங்கியது. அவ்வாண்டு வனெசா டோரஸ் வென்றார். 2004, 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் ஸ்டீமர் தங்கப் பதக்கம் பெற்றார். ஒளிநாடா மரபில் ஊறிய திறனாய்வாளர்கள் இப்பதக்கங்களைப் பெரிதாகக் கருதுவதில்லை. செயற்கையாக அமைத்த களத்தில், குறித்த நேரத்துக்குள், நடுவர் புள்ளியிட ஆடுவது தெருவாட்டத்தின் ஆன்மாவுக்கு முரணானது என்பர். கலைநோக்கில் இதில் நியாயம் இல்லாமலில்லை. ஸ்டீமரின் பதக்க ஆட்டங்களுள் எதுவும் 1996 இன் பகுதியைப் போல் நினைவிற் பதியவில்லை.

ஆயினும் பொருளாதார நோக்கில் நிலைமை தலைகீழாகிறது. 2005 இல் ஆண்கள் போட்டியில் வென்றவருக்குப் பரிசு 50,000 டொலர். பெண்கள் போட்டியில் வென்றவருக்கு 2,000 டொலர். அதாவது ஒரே நிகழ்வில், ஒரே தொலைக்காட்சி ஒளிபரப்பில், இருபத்தைந்தில் ஒரு பங்கு. இத்தொகைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தமையே அவற்றின் பலவீனமாயிற்று. காரா-பெத் பேர்ன்சைட், மிமி நூப் முதலியோர் பெண் ஆட்டக்காரர்களை ஓர் அமைப்பாகத் திரட்டினர். போட்டியைப் பகிஷ்கரிப்பதாக அறிவித்து ஏற்பாட்டாளரைப் பேச்சுவார்த்தைக்கு இழுத்தனர். 2009 ஆம் ஆண்டளவிற் பரிசுத்தொகை சமமாக்கப்பட்டது.

இப்போராட்டம் ஒளிநாடா உலகில் நடந்திருக்க முடியாது. அங்கு ஒருவருக்கு எத்தனை நிமிடப் பகுதி, எவ்வளவு மாதக் கொடுப்பனவு, எத்தனை பலகைக்கு எவ்வளவு பங்கு என்பன நண்பர்களுக்கிடையேயான பேச்சாகவே முடிந்து விடும். எல்லோரும் ஒன்றே என்று சொல்லப்படும் இடத்தில் எவருக்கு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட முடியாது. கணக்கிட முடியாததைக் கேட்டுப் பெறவும் முடியாது. பெண்கள் பிரிவு என்ற தனித்தளம் அவமதிப்பாகத் தோன்றினும், அது பெண்களை ஓரிடத்திற் கூட்டிற்று. அவர்கள் கையில் இரண்டு எண்களைக் கொடுத்தது. போட்டியை இழிந்தது என்று ஒதுக்கும் தூய கலைவாதம், இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே ஒதுக்கி விடுகிறது. ஸ்டீமர் ஒளிநாடா உலகில் மதிப்பையும், போட்டிக்களத்தில் இரண்டாயிரம் டொலரையும் பெற்றார் என்பதைச் சேர்த்து வாசித்தாலன்றி அவரது தொழில்வாழ்வு விளங்காது. அவரைத் தெருவின் நாயகியாக மட்டும் எழுதுவோரும், பதக்க வீராங்கனையாக மட்டும் எழுதுவோரும் பாதியையே எழுதுகின்றனர்.

தனித்தளத்தின் பயன் கலைத்துறையிலும் தெரிய வந்தது. வில்லா வில்லா கோலா என்ற பெண்கள் குழு 2005 இல் வெளியிட்ட 'கெற்றிங் நோவேர் ஃபாஸ்டர்' ஒளிநாடாவில் ஆடியோர் யாவரும் பெண்கள். இயக்கியவர் லீசா விற்றேக்கர். பின்னர் 2012 இல் மியாவ் என்ற பலகைக் கம்பனியை நிறுவியவர். கடினத்தால் நோக்கின் இது 'வெல்கம் டு ஹெல்'லுக்கு ஈடாகாது. இடையிடையே வரும் நகைச்சுவை நாடகக் காட்சிகள் சில நீண்டு சலிப்பூட்டுவதும் உண்டு. ஆனால் பழைய ஒளிநாடா செய்ய இயலாத ஒன்றை இது செய்தது. பெண் ஒருவராக இருந்தவரை பார்ப்போர் மனத்தில் எழும் ஒப்பீடு ஒன்றே: ஆண்களளவு ஆடுகிறாரா, இல்லையா? பலர் ஒருங்கே தோன்றும்போது அவ்வொப்பீடு வலுவிழக்கிறது. வனெசா டோரஸின் இலகுவான ஓட்டம் ஒருவகை; பெரும் வளைசரிவுகளில் உயர எழும் லின்சி அடம்ஸ் ஹோக்கின்ஸின் துணிவு வேறொரு வகை. பெண்ணாட்டம் என்ற ஒன்றில்லை, பெண்கள் பலரின் ஆட்டங்கள் உண்டு என்பது அப்போதுதான் கண்ணுக்குப் புலனாகிறது. தனிநடை என்பது கூட்டத்தின் நடுவே காணப்படுவது. ஸ்டீமரின் தாழ்ந்த, அவசரமற்ற நிலைகூட அவருடைய தனித்தன்மை என்பது, பிற பெண்களின் ஆட்டத்தைப் பார்த்த பின்னரே தெளிவாகிறது. அதற்கு முன்னர் அது 'பையன்களைப் போல் ஆடுகிறார்' என்ற ஒரு வாக்கியத்துள் அமிழ்ந்திருந்தது.

1996 இன் அமைப்பு உடனே மறைந்து விடவில்லை. 2002 இல் வெளிவந்த 'பி.ஜே. லாட்ஸ் வொண்டர்ஃபுல் ஹொரிபிள் லைஃப்' ஒளிநாடாவில் பதின்ம வயதினரான அலெக்சிஸ் சப்லோன் மறுபடியும் ஆண்களிடையே ஒரே பெண்ணாகத் தோன்றினார். அவரே 2021 இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில், தமது 34 ஆவது வயதில், பெண்கள் தெருவாட்டத்தில் நான்காமிடம் பெற்றார். அதில் தங்கம் வென்ற மொமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வென்ற பிரேசில் நாட்டு ரைஸா லியாலுக்கும் வயது 13. வெண்கலம் பெற்ற ஃபுனா நகயாமாவுக்கு 16. அங்கு 45 விநாடி ஓட்டங்கள் இரண்டும் தனித்த முயற்சிகள் ஐந்தும் வைத்து, ஏழு புள்ளிகளிற் சிறந்த நான்கு கூட்டப்பட்டன. பிரிவு தனி, பதக்கம் ஆண்களுக்குரியதே போன்றது. ஒளிநாடாப் பகுதி எதுவுமின்றியே ஒரு சிறுமி உலகறிந்த ஆட்டக்காரியாகக்கூடிய பாதை அவ்வாறு திறந்தது.

முதற் கணினி விளையாட்டு 2020 இற் புதுக்கி வெளியிடப்பட்டபோது ஸ்டீமர் மீண்டும் அதில் இடம்பெற்றார். இம்முறை லிசி ஆர்மன்டோ, லெட்டீசியா புஃபோனி, அவோரி நிஷிமுரா ஆகியோரும் உடனிருந்தனர். ஸ்டீமர் இதற்கிடையே 'நார்ஹன்டர்ஸ்' என்ற பெயரிற் சொந்தச் சிறு நிறுவனமொன்றையும் தொடங்கியிருந்தார். 1998 இல் அவர் பெயரைப் பலகையில் அச்சிட்டு அவருக்கொரு பங்கு வழங்கியது பிறருடைய கம்பனி. இங்கு என்ன அச்சிடுவது, யாருக்கு எவ்வளவு கொடுப்பது என்பவற்றைத் தீர்மானிக்கும் பொறுப்பு அவரிடமே உள்ளது.